தூண்டிலும் துண்டும்



பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில் ஒரு தூண்டிற்காரன் வருகிறான். பாணர் குடியைச் சேர்ந்தவன். தோளிலே தோற்பை, பைக்குள் இரைக்கான பச்சை இறைச்சி. கையிலே நீண்ட மூங்கிற் கழி; கழியின் தலையிலே கயிறு; கயிற்றின் முனையிலே வளைந்த இரும்பு முள். நீரிலே கிடந்த வாளைமீன் ஒன்று முள்ளிற் சிக்காமல் இரையை மட்டும் கவ்விக்கொண்டு தப்பிவிடுகிறது. தப்பிய பிறகும் அதற்கு நிம்மதி இல்லை. கரையோரத்துப் பிரம்பின் நிழல் நீரில் அசைந்தால்கூட, தூண்டிற் கழி வந்துவிட்டதென்று வெருளுகிறது. தொண்டைமான் இளந்திரையனைப் பாட வந்த கடியலூர் உருத்திரங்கண்ணனார், போகிற வழியில் ஒரு மீனின் அச்சத்தை இவ்வளவு கூர்ந்து பார்த்து வைத்திருக்கிறார்.

இந்த வாளைமீனை மனத்திலே வைத்துக்கொள்ளுங்கள். இன்று நாம் போகவிருக்கும் இடம் ஊவா மாகாணத்தின் உச்சி விளிம்பு. பதுளையில் புகையிரதம் ஏறினால் தெமோதரை, எல்ல, பண்டாரவளை, தியத்தலாவை, அப்புத்தளை என்று வண்டி மேலே மேலே ஏறுகிறது. இருபுறமும் தேயிலை. கடைசியில் ஒஹியாவில் இறங்கி மலைப்பாதையில் நடந்தால், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்தில் ஹோர்ட்டன் சமவெளி விரிகிறது. சிங்கள மக்கள் மகா எலிய என்று அழைக்கும் இடம் அது. புல்லும் பனியும் குள்ள மரங்களும் நிறைந்த அந்த வெளியிலே பெலிகுல் ஓயா ஓடுகிறது. அந்தக் குளிர்நீரிலே வாழும் ஒரு மீன் இந்த நாட்டு மீன் அன்று. கடல் கடந்து வந்த மீன். அதன் பெயர் ட்ரவுட். அதைப் பிடிக்க வெள்ளைக்காரத் துரைமார் இறைச்சியையோ மண்புழுவையோ இரையாக வைப்பதைக் கௌரவமாகக் கருதவில்லை. இறகினாலும் நூலினாலும் செய்த பொய்ப்பூச்சியைக் கொண்டு பிடித்தார்கள். அதிலும் ஒரே நூலில் இரண்டு பூச்சிகளைக் கட்டி எறிவது ஒரு தனிக்கலை. அந்தக் கலையையும், அந்த மீன் இம்மலைக்கு வந்த கதையையும், அதே காலத்தில் அதே மலைக்கு வந்த நம்மவர் கதையையும் சேர்த்துப் பார்ப்பதே இன்றைய நோக்கம்.

பொய்ப்பூச்சி கொண்டு மீன் பிடிக்கும் வழக்கம் மிகப் பழையது. கி.பி. 200ஆம் ஆண்டளவில் வாழ்ந்த ஈலியன் என்ற ரோமானிய எழுத்தாளர், மக்கெடோனிய நாட்டு ஆறு ஒன்றிலே மக்கள் மீன் பிடித்த விதத்தை எழுதி வைத்திருக்கிறார். முள்ளைச் சுற்றிச் சிவப்புக் கம்பளி நூல். அதன்மேல் சேவலின் தாடிக்குக் கீழே வளரும் மெழுகு நிற இறகுகள் இரண்டு. ஆற்றின்மேல் பறக்கும் ஒருவகைப் பூச்சியின் சாயல் அதற்கு. உண்மைப் பூச்சியைக் கையால் பிடித்தால் அதன் நிறம் கெட்டு இறகு வாடிவிடும். ஆகவே பொய்யைச் செய்தார்கள்.

இங்கிலாந்திலே இது இலக்கியமாகவே வளர்ந்தது. 1496இல் அச்சான ஒரு சிறு நூல், பன்னிரண்டு வகைப் பொய்ப்பூச்சிகளை எப்படிக் கட்டுவதென்று சொல்கிறது. அதை எழுதியவர் ஜூலியானா பெர்னர்ஸ் என்ற பெண் துறவி என்பது மரபு. 1653இல் ஐசாக் வால்டன் எழுதிய தூண்டில் நூல் இன்றுவரை ஆங்கில உரைநடையின் செல்வங்களில் ஒன்றாக மதிக்கப்படுகிறது. ஆனால் பூச்சித் தூண்டிலில் வால்டன் பெரிய விற்பன்னர் அல்லர். அந்தக் குறையை அவருடைய நண்பர் சார்ல்ஸ் கொட்டன் 1676இல் ஒரு பகுதியை எழுதிச் சேர்த்து நிரப்பினார். மீன் பிடிப்பதைப் பற்றி ஆங்கிலேயர் எழுதிக் குவித்த அளவு வேறெந்த இனத்தவரும் எழுதியிருப்பார்களா என்பது ஐயமே.

சரி, ஒரே நூலில் ஏன் இரண்டு பூச்சி?

ஆற்றுப் பூச்சிகளின் வாழ்க்கையைப் பார்த்தால் விடை கிடைக்கும். நாம் காணும் சிறகு முளைத்த பூச்சி, தன் வாழ்நாளின் பெரும்பகுதியை ஆற்றடியிலே கல்லிடுக்கிற் புழுவாகக் கழித்த ஒன்று. பருவம் வந்ததும் அது நீரினூடே மேலே எழுகிறது. நீர்மட்டத்திலே தோலைப் பிளந்து, சிறகு விரித்துப் பறக்கிறது. சில நாளில், சிலவேளை சில மணி நேரத்தில், முட்டையிட்டு மடிந்து நீரிலே விழுகிறது. ட்ரவுட் மீனுக்கு இந்த எல்லா நிலையும் உணவுதான். ஆனால் ஒரு குறிப்பிட்ட நேரத்திலே அது எந்த ஆழத்தில், எந்த நிலையிலுள்ள பூச்சியைத் தின்கிறது என்பது கரையில் நிற்பவனுக்குத் தெரியாது.

ஆகவே தூண்டிற்காரன் ஒரே வீச்சிலே இரண்டு கேள்வி கேட்கிறான். தூண்டில் நூலின் முனையில் மூன்று யார் நீளமுள்ள, கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய நரம்பு ஒன்றை இணைக்கிறான். அதன் கடைசியில் ஒரு பூச்சி. அதை நுனிப்பூச்சி என்போம். அதற்கு ஏறத்தாழ ஒரு யார் மேலே, நாலைந்து அங்குலத்துக்கு ஒரு சிறு கிளை நரம்பை விட்டு, அதிலே மற்றொரு பூச்சி. அதைக் கிளைப்பூச்சி என்போம். நுனிப்பூச்சி சற்றுக் கனமாகவும் கருமையாகவும் இருக்கும், அமிழ்ந்து போகும். கிளைப்பூச்சி மயிரடர்ந்து இலேசாக இருக்கும். நீர்மட்டத்தை ஒட்டி நகரும். நீரோட்டத்துக்குக் குறுக்கே எறிந்து, நூலை ஓட்டத்தோடு வளைந்து வரவிட்டால், ஒன்று கீழும் ஒன்று மேலுமாக இரண்டும் ஆற்றைத் தேடி வரும். மீன் எதை ஏற்றது என்று கண்டால், அன்றைய நாளின் இரகசியம் கையில் வந்துவிட்டது.

எளிதாகத் தோன்றும். எளிதன்று. காற்றடித்தால் இரண்டு பூச்சிகளும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு சிக்காகும். பின்னால் வீசும்போது புற்றையிலே ஒன்று மாட்டும். கிளைப்பூச்சியை மீன் கவ்விவிட்டால், வெறுமனே இழுபடும் நுனிப்பூச்சி ஆற்றடிக் கொடியிலே கொளுவிக்கொள்ளும். மீன் ஒருபக்கமும் கொடி ஒருபக்கமும் இழுக்க, நரம்பு அறும். அரிதாக இரண்டிலும் இரண்டு மீன் ஏறுவதுமுண்டு. மேலே வரும் பூச்சியை மீன் எடுப்பது கண்ணுக்குத் தெரியும். ஆழத்தில் போகும் பூச்சியை எடுப்பதை நூலின் சிறு நடுக்கத்தைக்கொண்டுதான் அறியவேண்டும். அனுபவசாலிக்கும் புதியவனுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான்.

இங்கிலாந்தின் தென்பகுதியிலே தெளிந்த நீரோடைகளை உடைய கனவான்கள் இந்த இரட்டைப் பூச்சியை விரும்பவில்லை. அவர்களுடைய குருவாகிய ஹல்போர்ட் 1886இல் எழுதிய நூல், மிதக்கும் ஒற்றைப் பூச்சியையே உயர்ந்த மார்க்கமாக ஆக்கிவிட்டது. ஆனால் வட இங்கிலாந்திலும் ஸ்கொத்லாந்திலும் இரண்டு, மூன்று பூச்சிகளை அமிழவிட்டுப் பிடிப்பதே பரம்பரை வழக்கம். ஸ்டூவர்ட் என்ற ஸ்கொத்லாந்துக்காரர் 1857இல் எழுதிய நூல் அந்த வழக்கத்தின் வேதம் போன்றது. இலங்கை மலைநாட்டிலே கோப்பியும் தேயிலையும் போட வந்தவர்களில் ஸ்கொத்லாந்துக்காரர் பெருந்தொகையினர் என்பது நேயர்கள் அறிந்ததே. லூல்கந்துரையில் 1867இல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரும் ஸ்கொத்லாந்துக்காரரே. அப்புத்தளைப் பக்கத்துக் கிளெனானோர், கெல்பர்ன் என்ற தோட்டப் பெயர்களிலே இன்னும் அந்த நாட்டு வாடை வீசுகிறது. ஊர்ப் பெயரைக் கொண்டு வந்தவர்கள் ஊர்த் தூண்டிலையும் கொண்டு வந்தார்கள்.

இதிலே நம்மைச் சிந்திக்க வைக்கும் ஒரு செய்தி உண்டு. அந்தத் துரையின் தூண்டிற் பெட்டியைத் திறந்து பார்த்தால், பாதிப் பொருள் நம்முடைய பக்கத்துப் பொருள். 'கோச்மன்' என்று பேர்பெற்ற ஆங்கிலப் பொய்ப்பூச்சியின் உடல் மயில் தோகையின் இழையாற் சுற்றப்படுவது. விலையுயர்ந்த பூச்சிகளிலே கண்போல வைத்துக் கட்டும் இறகு, தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுச்சேவலின் கழுத்திறகு. அதன் நுனியிலே மெழுகுத் துளிபோலப் பளபளக்கும் புள்ளிகள் இருக்கும். நம் இலங்கைக் காட்டுச்சேவலுக்கு அந்தப் புள்ளி இல்லை. அதனால் அதன் கழுத்து தப்பியது. தூண்டிற் கழியோ, மூங்கிலை ஆறு கீற்றாகப் பிளந்து ஒட்டிச் செய்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதற்குப் பெயர்போன மூங்கில் கல்கத்தாவிலிருந்து கப்பலேறியது. கண்ணுக்குத் தெரியாத அந்த நரம்பு மட்டும் ஸ்பெயின் நாட்டிலே பட்டுப்புழுவின் குடலை இழுத்து நீட்டிச் செய்தது. உலர்ந்தால் முறியும், நனைத்த பிறகே முடிச்சுப் போடலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நைலோன் வந்து அதன் இடத்தைப் பிடித்தது. ஆக, மூங்கிலும் மயிலும் காட்டுச்சேவலும் இங்கிருந்து சீமைக்குப் போய், விளையாட்டுப் பொருளாகி மீண்டும் இம்மலைக்கு வந்தன.

ஊவாவிலே வெள்ளையரின் விளையாட்டு தூண்டிலோடு தொடங்கியதன்று, துப்பாக்கியோடு தொடங்கியது. பதுளை நகரிலே புனித மாற்கு ஆலயம் இருக்கிறது. அது மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் என்பவரின் நினைவாக எழுந்தது. பதுளையில் அதிகாரியாக இருந்த அவர் 1,400 யானைகள் வரை சுட்டதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். அவருக்குப் பின் சாமுவேல் பேக்கர் 1848இல் நுவரெலியாவில் குடியேறி, வேட்டை நாய்களைக் கொண்டு மலைமான்களைத் துரத்தினார். ஹோர்ட்டன் சமவெளியிலே பெலிகுல் ஓயா வீழும் அருவிக்கு அவர் பெயர்தான் இன்றும் வழங்குகிறது. யானையும் மானும் குறையக் குறைய, துரைமாருக்குப் புதிய விளையாட்டு வேண்டியிருந்தது. மலையாறுகளோ ஓடிக்கொண்டிருந்தன, அவற்றிலே அவர்கள் விரும்பிய மீன் இல்லை.

அந்தக் காலத்தையும் சற்று நினைவுகூர வேண்டும். 1869இல் பதுளைக்குக் கிழக்கே மடுல்சீமையிலே கோப்பி இலையிற் செம்மஞ்சள் புள்ளி கண்டது. அடுத்த இருபது ஆண்டிற்குள் இலங்கையின் கோப்பி அழிந்தது. அந்த நிலத்திலே தேயிலை ஏறியது. 1885இல் புகையிரதம் நானுஓயாவை எட்டியது. 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளை மலையிலே தோட்டம் வாங்கினார். 1893இல் புகையிரதம் அப்புத்தளைக்கும், 1894இல் பண்டாரவளைக்கும், 1924இல் பதுளைக்கும் வந்தது. தேயிலை நிலைபெற்றது; துரைமாரின் வாழ்வும் நிலைபெற்றது. பங்களா, கிளப், குதிரைப் பந்தயம் என்று ஒரு சின்னச் சீமை எழுந்தது. அந்தச் சீமையிலே ட்ரவுட் மட்டுந்தான் குறை.

உயிருள்ள மீனைக் கப்பலிற் கொண்டுவருவது கடினம். முட்டையைக் கொண்டுவரலாம் என்பதை உலகுக்குக் காட்டியது தஸ்மானியா. 1864இல் 'நோர்போக்' என்ற கப்பலிலே பாசியில் பொதிந்து, பனிக்கட்டிக்குள் புதைத்து, மூன்று மாதப் பயணத்தில் முட்டைகளை இங்கிலாந்திலிருந்து அங்கே உயிரோடு சேர்த்தார்கள். குளிரிலே முட்டையின் வளர்ச்சி மெதுவாகும். அந்த மெத்தனந்தான் மீனைக் கடல் கடக்க வைத்தது. இலங்கைக்கு 1880களிலே மண்நிற ட்ரவுட்டின் முட்டைகள் வந்தன. நுவரெலியாவிலே பொரிக்கவைத்துக் குஞ்சுகளை ஓடைகளில் விட்டார்கள். மீன் வளர்ந்தது; ஆனால் தானாகப் பெருகவில்லை. நூற்றாண்டு மாறும் காலத்திலே அமெரிக்காவின் மேற்குக் கரையைப் பூர்வீகமாகக் கொண்ட வானவில் ட்ரவுட் வந்தது. அது ஹோர்ட்டன் சமவெளி ஆறுகளிலே முட்டையிட்டுப் பெருகியது. 1896இல் அமைந்த இலங்கை மீன்பிடிக் கழகம் இந்த மீன்களைக் கண்ணுங்கருத்துமாகப் பேணியது.

மீனுக்கு எத்தனை கவனிப்பு என்று பாருங்கள். நீரின் வெப்பம் 20 பாகை செல்சியஸுக்கு மேற்போனால் ட்ரவுட் தவிக்கும். முட்டை பொரிக்க இன்னும் குளிர்ந்த நீர் வேண்டும். நீரிலே பிராணவாயு நிறைந்திருக்க வேண்டும். ஆகவே கல்லிலே மோதி நுரைத்து ஓடும் ஓடையே உகந்தது. அதனால்தான் பதுளை ஓயாவில் ட்ரவுட் இல்லை. பதுளை நகரம் 700 மீற்றருக்கும் தாழ்ந்த வெப்பமான பள்ளத்தாக்கு. ஊவாவின் உயர்ந்த விளிம்பும் அதற்கு அப்பாலுள்ள சமவெளியுமே அதற்கு ஏற்ற இடம். ஆறு ஆறாகத் தேர்ந்து, குஞ்சு குஞ்சாக எண்ணி விட்டார்கள். அனுமதிச் சீட்டுப் பெற்றவரே தூண்டில் போடலாம். தோட்டத்துரையாகிய தோமஸ் ஃபாரின் பெயரிலே சமவெளியில் ஒரு விடுதி அமைந்தது. மாலையிலே கணப்பருகில் உட்கார்ந்து, எந்தப் பூச்சிக்கு எந்த மீன் ஏறியது என்று பேசுவதற்கு அது இடமாயிற்று.

இனி, அதே கடலை அதே காலத்திற் கடந்த மற்றக் கூட்டத்தைப் பார்ப்போம்.

திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து நம் முன்னோர் வந்தார்கள். பாம்பன் பக்கம் தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடே தம்புள்ளை, மாத்தளை என்று நடந்தார்கள். ஊவாவுக்கு ஒதுக்கப்பட்டவர்கள் மாத்தளைக்குப் பிறகும் மலையேறினார்கள். வழியிலே வாந்திபேதியும் காய்ச்சலும் கொண்டுபோனவர்கள் பலர். அந்த வடபாதை 1899இல் மூடப்படும்வரை இதுவே நடைமுறை. மீன்முட்டைக்குப் பாசியும் பனிக்கட்டியும் கிடைத்த நூற்றாண்டிலே, மனிதருக்கு ஒழுங்கான நிழற்கொட்டகையும் கிடைக்கவில்லை.

மலைக்கு வந்து சேர்ந்தவருக்கும் ஒரு சீட்டு உண்டு. அதன் பெயர் துண்டு. தொழிலாளியின் பேரிலே கங்காணியிடம் உள்ள கடன் இவ்வளவு. அதைத் தீர்த்தால் ஆளை விட்டுவிடலாம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் கடுதாசி அது. புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுக்கும். கடன் மட்டும் அவனோடு போகும். போகப் போக வளரும். 1921இல் சட்டம் கொண்டு துண்டு முறையை நீக்கினார்கள். ஆற்றங்கரையில் நிற்பவருக்குச் சீட்டு உரிமையைக் கொடுத்தது. மலைச்சரிவில் நிற்பவரைச் சீட்டுக் கட்டிப்போட்டது. இரண்டும் கடுதாசிதான்.

பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பிராவிலே ஒரு குடும்பம். காலையிலே தப்பு அடித்தால் பிரட்டுக் களம். அரிசி தோட்டத்திலே கொடுத்துச் சம்பளத்திற் கழிப்பார்கள். லயத்துக்குத் தெரிந்த மீன் கருவாடுதான். வீட்டுக்குப் பின்னால் ஓடுவது மலையாறு. சட்டியிலே வேகுவது கடலோரத்திலே உலர்ந்து, உப்பேறி, மலையேறி வந்த மீன். மலையகத்து நாட்டார் பாடல்களை சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தேடித் தொகுத்து வைத்ததனால், கோப்பியும் கங்காணியும் துரையும் கண்டிச் சீமையும் நம் இலக்கியத்தில் நிலைத்துவிட்டன. அந்தப் பாடல்களின் உலகம் மலைச்சரிவின் உலகம். ஆற்றங்கரையின் உலகம் ஆங்கிலத்திலே எழுதப்பட்டது.

அந்த ஆங்கில எழுத்திலும் நம்மவர் இல்லாமலில்லை. கூடாரத்தைச் சுமந்தவன், சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கியவன், ஓடையைக் கடக்கக் கல் போட்டவன் என்று வருவார்கள். ஆனால் எல்லாருக்கும் அங்கே 'கூலி' என்ற ஒரே பெயர். துரையின் நாய்க்கும் குதிரைக்கும் பெயர் எழுதிய பேக்கர் போன்றவர்களின் நூல்களிலே, சுமந்தவனுக்குப் பெயர் அருமை. ஆற்றிலே எங்கே ஆழம், எந்தக் கல்லடியிலே மீன் நிற்கும், மழைக்கு எத்தனை நாழிகை இருக்கிறது என்பதை, நாள்தோறும் அந்த மலையிலேயே வாழ்பவன் அல்லவா அறிவான்? நூலின் நடுக்கத்தைக்கொண்டு ஆழத்துப் பூச்சியை அறிவதுபோல, எழுதப்பட்ட வரலாற்றின் அசைவுகளைக்கொண்டே எழுதப்படாதவர்களை நாம் அறியவேண்டியிருக்கிறது.

இனிச் சுதந்திரத்துக்குப் பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இந்த மலையிலே பிறந்து வளர்ந்தவர்களையும் நாடற்றவர்களாக்கியது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒக்ரோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும், 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. மீதி ஒன்றரை இலட்சம் பேர் 1974இல் சரிபாதியாகப் பகிரப்பட்டார்கள். ஒரு குடும்பத்துக்குள்ளேயே அண்ணன் ஒரு நாடும் தம்பி ஒரு நாடும் ஆயினர். ஊவாப் புகையிரத நிலையங்களிலே பெட்டியும் படுக்கையுமாக ஏறியவர்கள், தலைமன்னார் வழியாகக் கடல் கடந்தார்கள். அந்த வண்டியிலே எழுந்த ஒப்பாரியை மலையகம் இன்னும் மறக்கவில்லை.

இவர்களிலே பலர் போய்ச் சேர்ந்த இடம் நீலகிரி. தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்கென்றே 1968இல் தமிழ்நாடு அரசு அங்கே தேயிலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதுவே பிற்காலத்தில் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கங்களிலே ஊவாத் தமிழ் பேசும் குடும்பங்கள் குடியேறின.

நேயர்களே, இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். நீலகிரியிலும் ஆங்கிலேயர் ட்ரவுட் வளர்த்தார்கள். மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே 1860களில் முயன்று தோற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் அவலாஞ்சியிலே குஞ்சு பொரிக்கும் நிலையம் அமைத்து வெற்றி கண்டார். அப்போது அங்கே கொண்டுபோய் விடப்பட்ட வானவில் ட்ரவுட்டுகளிலே ஒரு பகுதி, இலங்கை மலைகளிலிருந்து போனவை. ஊவாவின் விளிம்பிலிருந்து நீலகிரிக்கு முதலில் மீன் போயிற்று. அரை நூற்றாண்டுக்குப் பின் மனிதர் போனார்கள். மீனை யாரும், நீ எந்த நாட்டைச் சேர்ந்தாய் என்று கேட்கவில்லை. தண்ணீர் குளிர்ந்திருந்தது, அதுவே அதற்குப் போதும்.

இதற்காக மீனை நோவதில் பயனில்லை. அதுவும் கேட்காமற் கொண்டுவரப்பட்டதுதான். ஆனால் அதன் வருகையால் இழப்பு ஒன்றும் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளிலே உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு சிற்றிறால் வாழ்கிறது. அந்த உயரத்துக்கே உரிய தவளை இனங்களும் இருக்கின்றன. புலாலுண்ணியாகிய ட்ரவுட் இவற்றுக்கு ஆபத்தென்று உயிரியல் அறிஞர் எச்சரித்திருக்கிறார்கள். சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாயிற்று. 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. ஃபார் விடுதி இன்று சுற்றுலாப் பயணிகளுக்கு விளக்கம் சொல்லும் நிலையமாக இருக்கிறது. இரட்டைப் பூச்சி எறிந்த துரைமார் போய்விட்டார்கள். மீன் இருக்கிறது. சரிவிலே கொழுந்து கிள்ளும் மக்களும் இருக்கிறார்கள்.

மிஞ்சியிருந்த நாடற்றோரின் பிரச்சினை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு சட்டப்படி தீர்ந்தது. கோப்பி அழிந்து நூறாண்டுக்கு மேலான பிறகு, தேயிலையை வளர்த்தவர்களுக்கு நாடு கிடைத்தது. ஆயினும் மலையகத்துப் பெரியவர்களின் பழக்கம் ஒன்றைப் பலரும் கண்டிருப்பீர்கள். பிறப்புச் சான்று, பதிவுத் துண்டு, பழைய கடவுச்சீட்டு என்று எந்தக் கடுதாசியையும் எறியமாட்டார்கள். பிளாஸ்டிக் பையிலே சுற்றி, தகரப் பெட்டியின் அடியிலே, சேலைகளுக்குக் கீழே பத்திரமாக வைத்திருப்பார்கள். அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் கோப்போடு லயத்துப் பக்கம் வந்தால், என்ன விசயம் என்று கேட்கும் முன்பே கை அந்தப் பெட்டியைத் தேடிப் போகும்.

பெரும்பாணாற்றுப்படையின் வாளைமீன் அப்போது நினைவுக்கு வருகிறது. தூண்டிலிலிருந்து அது எப்போதோ தப்பிவிட்டது. முள் அதன் வாயில் இல்லை. ஆயினும் கரையிலே பிரம்பு அசைந்தால் அதற்குத் தெரிவது பிரம்பு அன்று.